ஏழாம் நம்பர் வாசல்

இருங்க தம்பி, அப்படியே உட்காராதீங்க. பெஞ்சு ஈரமா இருக்கு. காலையில தரை கழுவினவங்க பெஞ்சையும் சேர்த்துக் கழுவிட்டாங்க. இந்தாங்க, இந்தப் பேப்பரைப் போட்டு உட்காருங்க. ஆங், அப்படித்தான்.

டோக்கன் எத்தனை? நூத்திப் பதினாலா? நான் எண்பத்தேழு. இப்பத்தான் அறுபத்திரண்டு உள்ளே போயிருக்கு. இந்தக் கலெக்டர் ஆபீசுல திங்கக்கிழமை மனு கொடுக்க வந்தா மத்த வேலையெல்லாம் மறந்துடணும். மனு யார் எழுதிக் கொடுத்தது? வெளியே மரத்தடியில ஸ்டூல் போட்டிருக்காரே, அவரா? காட்டுங்க பார்ப்போம். ஒரே பக்கத்துல எட்டு ‘மேற்படி’ வருதே! நான் எழுதின ரிப்போர்ட்டுல அநாவசியமா ஒரு எழுத்து இருக்காது தம்பி. எல்லாம் துல்லியம்.

ஆமா, சர்வேயர். போன சித்திரையிலதான் ரிட்டயர் ஆனேன். அம்பலவாணன்னு சொன்னா நில அளவைப் பிரிவுல தெரியாதவங்க கிடையாது. இப்பக் கொஞ்சம் அதிகமாவே தெரியும், அது வேற விஷயம். முப்பத்துநாலு வருஷ சர்வீஸ். நான் நட்ட கல்லு ஒண்ணுகூட ஒரு விரக்கடை நகர்ந்தது கிடையாது. சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். எங்க ஊர்ல மேடுன்னா ஆத்தங்கரைதான். மலைங்கிறதையே இந்த ஜில்லாவுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். தூரத்துல இருந்து பார்த்தேன். மலையைப் பார்க்க அது போதும்.

நான் எதுக்கு வந்திருக்கேன்னு கேட்கவே மாட்டேங்கிறீங்களே. ஆடு விஷயமா வந்திருக்கேன். நாப்பது ஆடு. ஆனா குகை விஷயத்தைச் சொன்னாத்தான் ஆடு விஷயம் உங்களுக்குப் புரியும்.

கூகைக்கரடுன்னு ஒரு மலை இருக்கு, ரோட்டுல இருந்து பார்த்தாலே தெரியும். அதை உடைச்சுக் கல்லெடுக்க ஒரு குவாரிக்காரர் அனுமதி கேட்டிருந்தார். அந்த மலையில குகை இருக்கிறதா யாரோ மனு போட்டாங்க. அதனால எனக்கு ஒரு உத்தரவு. குகை வாசல் எத்தனை, எங்கெங்கே இருக்குன்னு ஜி.பி.எஸ். கருவியில ரீடிங் எடுத்துப் பட்டியல் தரணும். பட்டியல்ல ஏறின குகை வாசலுக்கு முந்நூறு மீட்டருக்குள்ள வெடி வைக்கக்கூடாது, புதுசாக் கட்டடமும் எழுப்பக்கூடாதுன்னு கடைசியில ஒரு வரி. அந்த வரியை ஞாபகம் வச்சுக்குங்க. நான் மறந்துட்டேன்.

போனேன். அடிவாரத்துல மெயின் ரோட்டு மேல ஒரு டீக்கடை. கடைக்குப் பின்னால ஒரு பொம்பளை ஆடு மேய்ச்சுக்கிட்டு நின்னா. ஒச்சம்மான்னு பேரு. அம்பது வயசு இருக்கும். இந்த மலையில குகை இருக்காம்மான்னு கேட்டேன்.

“இருக்கு சாமி.”

“எத்தனை இருக்கும்?”

“ரெண்டு மூணு இருக்கும். பகல்ல எங்கிட்டுத் தெரியுது? இருட்டுனப்பறந்தேன் கத்தும்.”

எனக்கும் சந்தேகம் வந்துச்சு, வரலைன்னு சொல்லலை. ஆனா அரசாங்க ஊழியன் மக்கள் சொல்றதை உள்ளபடி பதிவு பண்ணணும் தம்பி. சொந்த அபிப்பிராயத்தைக் கலக்கக்கூடாது. அதனால எழுதினேன்: ‘குகைகள் இரண்டு அல்லது மூன்று உள்ளன. பகலில் தென்படுவதில்லை. இரவில் சத்தமிடும்.’

ஏன் சிரிக்கிறீங்க? ஆபீசுலயும் இப்படித்தான் சிரிச்சாங்க. சிரிச்சுட்டு மெமோ கொடுத்தாங்க. நான் குகைன்னு கேட்டது அந்தப் பொம்பளை காதுல கூகைன்னு விழுந்திருக்கு. மலைப் பேரே கூகைக்கரடாச்சே. ஆந்தையை எண்ணிச் சொல்லியிருக்கா. நீட்டிக் கேட்டது அவ, மெமோ வாங்கினது நான். இந்த நாட்டுல நியாயம் எப்படி இருக்குன்னு பாருங்க.

ரெண்டாந்தடவை போனேன். இந்தத் தடவை வார்த்தையை நம்பலை. கையால காட்டினேன். பாறை இருக்கும்மா, அதுல ஓட்டை இருக்கும், ஆள் குனிஞ்சு உள்ளே போகலாம்னு நானே குனிஞ்சு டீக்கடை மேசைக்கு அடியில போய்க் காட்டினேன்.

“அட, பொடவா! பொடவுன்னு சொன்னா ஆகாதா சாமி? ஏழு கெடக்கு” அப்படிங்கிறா.

பொடவாம். மன்னார்குடியில பிறந்தவனுக்குப் பொடவுன்னா புடவையைச் சொல்றாப்புல இருக்கு. அப்புறம் பேர் பேராச் சொல்றா. ஆட்டுப்பொடவு, சுனைப்பொடவு, அப்படி ஏழு. சுனைப்பொடவுல கோடையிலயும் தண்ணி இருக்குமாம். மழை பிடிச்சா ஆட்டுப்பொடவுல நாப்பது ஆட்டையும் அடைச்சுட்டு வாசல்ல இவ உட்கார்ந்துக்குவாளாம். அவ மாமியாரும் அப்படித்தானாம். “வாங்க, ஏழையும் காட்டுறேன். பொழுது சாயறதுக்குள்ள எறங்கிரலாம்”னு முன்னால நடந்துட்டா.

ஏறினேன் தம்பி. நான் மலையே ஏறலைன்னு ஆபீசுல ஒரு பேச்சு இருக்கு. அது பொறாமை. ஏறினேன். ஏழுக்குமா? முதல் வாசலுக்கு ஏறினேன்.

இங்கேதான் தொழில் ஞானம் வேணும். கருவி மஞ்சள் கலர்ல கையடக்கமா இருக்கும். அது மேலே இருக்கிற சாட்டிலைட்டைப் பார்த்துத்தான் நாம நிக்கிற இடத்தைச் சொல்லும். குகை வாசல்ல பாறை தலைக்கு மேல கவிஞ்சிருக்கு. பாறைக்கு அடியில நிக்கிறவனை வானத்துல இருக்கிறது எப்படிப் பார்க்கும்? கருவி என்ன சொல்லுச்சு தெரியுமா? பிழை நாப்பத்தெட்டு மீட்டர்னு காட்டுச்சு. நாப்பத்தெட்டு மீட்டர்! அப்படி ஒரு ரீடிங்கை என் கையால எழுதுவேனா?

நாலடி தள்ளி நின்னேன். நாப்பது. இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினேன். இருபத்தஞ்சு. மொட்டைப் பாறைக்கு வந்தேன், பன்னெண்டு. அட, இறங்க இறங்கக் குறையுதே! அடிவாரம், ஆறு. ஒச்சம்மா மேலே இருந்து கத்துறா: “சாமீ, பொடவு இங்கிட்டு இருக்கு, நீங்க எங்கிட்டுப் போறீக?” அவளுக்கு என்ன தெரியும்? நான் துல்லியத்தைத் தேடிப் போறேன். கடைசியில டீக்கடை பெஞ்சுல வந்து உட்கார்ந்ததும் கருவி அடங்குச்சு. பிழை எவ்வளவுங்கிறீங்க? மூணு மீட்டர். மூணே மூணு! அந்தக் கருவியில அதுக்கு மேல துல்லியம் எவனாலும் எடுக்க முடியாது.

இன்னொருத்தனா இருந்தா ஏழு வாசலுக்கும் அந்த பெஞ்சு ரீடிங்கையே எழுதிட்டு பஸ் ஏறியிருப்பான். நான் அப்படிப்பட்டவன் இல்லை. ஒரே இடத்துல ஏழு வாசல் இருக்குமா? மனசாட்சி இருக்கில்லை? ஒவ்வொரு வாசலுக்கும் எழுந்து போய்த் தனித்தனியா எடுத்தேன். ஒண்ணாம் நம்பருக்கு பெஞ்சு. ரெண்டாவதுக்கு வேப்பமரம். மூணாவதுக்கு அடிபம்பு. இப்படியே போய் ஏழாவதுக்கு ரோட்டைத் தாண்டி எதிர்த்தாப்புல ஒரு காலி மனை. அருமையான மனை தம்பி, கிழக்குப் பார்த்தது. அங்கே நின்னா காத்து சும்மா வீசும். அப்பவே மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன்.

தப்புன்னா என்ன தப்பு? குகை எங்கேயும் ஓடிப் போகப்போறதில்லை. தேடி வர்றவன் டீக்கடையில நின்னு நிமிர்ந்து பார்த்தா மலை தெரியப்போகுது.

அந்தப் பட்டியல் ஆபீசுல எவ்வளவு பேர் வாங்குச்சு தெரியுமா? எல்லாத்துலயும் பிழை மூணு மீட்டர்னு பார்த்துட்டு, ஓரத்துல பச்சை மையில ‘நன்று’ன்னு எழுதினார் அதிகாரி. அதை ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன். அப்புறம் கல்லு நட ஆளுங்க வந்தாங்க. கருவி காட்டின இடத்துல நட்டாங்க. பெஞ்சுக்குப் பக்கத்துல குகை எண் ஒண்ணு, வேப்பமரத்தடியில ரெண்டு, அடிபம்புகிட்ட மூணு. டீ குடிச்சாங்க, போயிட்டாங்க. ஒரு கேள்வி கேட்கலையே! அவங்களும் என்னை மாதிரி வேலை தெரிஞ்சவங்க. குவாரிக்காரருக்கு அனுமதியும் கிடைச்சுது. வரைபடத்துல மலையில குகையே இல்லையே, எல்லாம் எண்ணூத்தி அறுபது மீட்டர் தள்ளி டீக்கடையைச் சுத்தியில்ல இருக்கு.

நான் ரிட்டயர் ஆனேன். அந்த மனையை வாங்கினேன். மனைக்கு நடுவுல அந்த ஏழாம் நம்பர் கல்லு நின்னுச்சு. வாஸ்துப்படி கூடத்துக்கு நடுவுல கல்லு இருக்கக்கூடாதாம். பிடுங்கிக் கொல்லைப் பக்கம் சாய்ச்சுப் போட்டேன். துணி துவைக்க அம்சமான கல்லு.

என்ன பார்க்கிறீங்க? அது சர்வீஸ்ல இருந்தப்ப நகர்த்தலையே, அப்புறம்தானே நகர்த்தினேன்.

சுவர் எழுப்பித் தளம் போட்டாச்சு. கதவு, ஜன்னல் மாட்டணும், பூச்சு வேலை பாக்கி. அப்பத்தான் ஒரு நாள் நோட்டீஸ் வந்துச்சு. ‘குகை வாயில் எண் ஏழிலிருந்து பூஜ்யம் மீட்டர் தொலைவில் அனுமதியின்றி எழுப்பப்படும் கட்டடம். பணியை உடனே நிறுத்தவும்.’ பூஜ்யம் மீட்டர் தம்பி! முப்பத்துநாலு வருஷத்துல நான்கூட பூஜ்யம் மீட்டர் எழுதினது கிடையாது. வேலை அன்னிக்கு நின்னது, இன்னும் நிக்குது. என் சம்சாரம் மன்னார்குடிக்கே போயிட்டா. குகையில குடித்தனம் பண்ண நான் என்ன முனிவர் பொண்டாட்டியான்னு கேட்டுட்டுப் போயிட்டா.

இதுக்கு நடுவுல மலை மேல வெடி வைக்க ஆரம்பிச்சாச்சு. ஒச்சம்மா சும்மா இல்லை, மதுரையில ஒரு காலேஜுக்குப் போய் நிலவியல் டீச்சரைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டா. ஜெசிந்தான்னு பேரு. ஒல்லியா இருக்கும் அந்தப் பொண்ணு. என்னோட கருவியைவிடப் பெரிய கருவி கொண்டு வந்துச்சு. சரி, வேலை தெரிஞ்சவளா இருப்பான்னு நினைச்சேன். பார்த்தா அந்தக் கருவியை மொட்டைப் பாறையில கால் நட்டு வச்சுட்டு மூணு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கு. அப்புறம் அங்கே இருந்து காம்பஸும் டேப்பும் வச்சு, கயிறு பிடிச்சு, திசை பார்த்து, சரிவு பார்த்து, தவழ்ந்து தவழ்ந்து ஒவ்வொரு வாசலுக்கும் அளந்துக்கிட்டே போகுது. வெள்ளைக்காரன் காலத்து வேலை! ஒன்பது நாள் ஆச்சு. நான் ஒரு மத்தியானத்துல முடிச்ச வேலை.

ஒரு நாள் என்னைத் தேடி வந்துச்சு, கையில பேப்பரோட. முழங்கையெல்லாம் சிராய்ப்பு. மரியாதையாத்தான் பேசுச்சு, குறை சொல்லக்கூடாது.

“சார், உங்க ரீடிங்ல தப்பே இல்லை. எடுத்த இடம்தான் தப்பு.”

“இடம் தப்புன்னா ரீடிங்குக்கு என்னம்மா அர்த்தம்?”

“அதைத்தான் சார் நானும் கேட்கிறேன்.”

பேச்சைப் பாருங்க! விஷயம் என்னன்னா, அது எடுத்த அளவை ஆபீசுல ஏத்துக்க மாட்டேங்கிறாங்க. ஏற்கெனவே ரிக்கார்டுல ஏழு குகை இருக்கு, துல்லியம்னு பச்சை மையில வேற எழுதியிருக்கு. முதல்ல அளந்தவர், ‘நான் எடுத்தது மலையில இல்லை’ன்னு எழுதிக் கொடுத்தாத்தான் பழைய பட்டியல் செல்லாமப் போகும். அந்த வாக்குமூலத்தை அந்தப் பொண்ணே டைப் அடிச்சுக் கொண்டு வந்திருச்சு. நான் கையெழுத்துப் போட்டாப் போதும்.

“நீங்க கையெழுத்துப் போட்ட அன்னிக்கே உங்க வீட்டு நோட்டீஸ் ரத்தாயிடும் சார். வெடியும் நின்னுடும். ஏழுல ரெண்டு போயிருச்சு. அடுத்தது ஆட்டுப்பொடவு. ஒரு கையெழுத்து சார்.”

வாங்கிப் படிச்சேன். என்ன எழுதியிருக்குங்கிறீங்க? ‘மேற்கண்ட அளவுகள் யாவும் மலையடிவாரத் தேநீர்க் கடையில் எடுக்கப்பட்டவை.’ தேநீர்க் கடையில்! தம்பி, நீங்களே சொல்லுங்க. முப்பத்துநாலு வருஷ சர்வீஸை ஒரு டீ கிளாஸ்ல போட்டுக் கலக்கிட்டாளே! ‘மலையிலிருந்து சற்றே விலகி’ன்னு மாத்தும்மான்னேன். சற்றேன்னா எண்ணூத்தி அறுபது மீட்டரா சார்னு கேட்டுச்சு. அப்புறம் அதுவே இறங்கி வந்து, கருவிக் கோளாறுன்னு போட்டுக்கலாமான்னுச்சு. எப்படிப் போடறது? மூணு மீட்டர் காட்டின கருவியைக் கோளாறுன்னு சொன்னா அது பொய். எனக்குப் பொய் வராது. யோசிச்சுச் சொல்றேன்னேன். அந்தப் பொண்ணு முகம் செத்துப்போச்சு. பேப்பரை மட்டும் என்கிட்டயே கொடுத்துட்டு, எப்ப வேணும்னாலும் போட்டுக் கொடுங்க சார்னு போயிருச்சு.

நாலு நாள் யோசிச்சேன். யோசிக்க நாலு நாள் ஆகாதா? அஞ்சாம் நாள் ஆட்டுப்பொடவு போயிருச்சு. டீக்கடையில கிளாஸெல்லாம் ஆடுச்சாம்.

போன புதன்கிழமை சாயங்காலம் மழை கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? தளம் ஒழுகுதான்னு பார்க்க வீட்டுக்குப் போனேன். உள்ளே காலை வச்சா, ஆடு. கூடத்துல ஆடு, பூஜை ரூமுல ஆடு, சமையல்கட்டு மேடை மேல ரெண்டு குட்டி. வாசல்ல தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு ஒச்சம்மா உட்கார்ந்திருக்கா.

யாரைக் கேட்டு உள்ளே வந்தேன்னு கத்தினேன். அவ எந்திரிக்கவே இல்லை.

“கோவிச்சுக்கிறாதீக சாமி. ஆட்டுப்பொடவு போயிருச்சு. நீங்கதான எழுதிக் குடுத்தீக, பொடவெல்லாம் இங்கனக்குள்ள இருக்குன்னு? தாலுகா ஆபீசுல கேட்டுட்டுத்தேன் வந்தேன். ஏழாவது பொடவு இதுதானாம். கொல்லையில கல்லுகூட கெடக்கே, நம்பரு போட்டு.”

எகத்தாளம் தம்பி! உடனே வி.ஏ.ஓ.வுக்கு போன் போட்டு வரவழைச்சேன். அவன் ரிக்கார்டைப் புரட்டிட்டு, “சார், இது குகைதானே? குகையில ஆடு அடைக்கிறது அவங்க வழக்கமாச்சே, எப்படி சார் தடுக்கிறது?”ன்னு கேட்டுட்டுக் குடையை விரிச்சுப் போயிட்டான். அதான் இந்த மனு. ‘ஆடுகளை அப்புறப்படுத்துதல் சம்பந்தமாக.’

ஒண்ணு சொல்லணும். வி.ஏ.ஓ. போன பிறகு ஒச்சம்மா எகத்தாளத்தை விட்டுட்டா. “மொதல்லயே சுனைப்பொடவு வாயில கல்லு விழுந்து அடைச்சுருச்சு சாமி. வாயில்லாச் சீவன், எங்கிட்டுப் போய்த் தண்ணி குடிக்கும்? இன்னும் நாலு பொடவு கெடக்கு. அதுவும் போச்சுன்னா நான் இதுகளை வித்துட்டு எந்த மில்லுக்குப் போறது?”ன்னு சொன்னா. சாக்கால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டா.

நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை தம்பி. வேணாம், தேநீர்க் கடைன்னே இருந்துட்டுப் போகட்டும்னு தோணிப்போச்சு. சட்டைப் பையில இருந்து அந்த வாக்குமூலத்தை எடுத்தேன். பேனாவையும் எடுத்தேன், மூடியைக் கழட்டினேன். சுவத்துல வச்சு எழுத இடம் தேடி அப்படியே சுத்திப் பார்த்தேன்.

கதவு இல்லாத நிலைவாசல் ஒண்ணு. கொல்லைவாசல் ஒண்ணு. ஆடு அது வழியாத்தான் வந்துக்கிட்டு இருந்துச்சு. கம்பி மாட்டாத ஜன்னல் நாலு, அது வழியாவும் ஒண்ணு ரெண்டு தலையை நீட்டுது. மாடிப்படிக்கு விட்ட திறப்பு ஒண்ணு, அது வழியா மழை. தொழில் புத்தி போகுமா? விரல் விட்டு எண்ணினேன். சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன். மேலே கவிஞ்ச கூரை, உள்ளே இருட்டு, நாப்பது ஆடு, வாசல் ஏழு.

சரியா ஏழு தம்பி!

அப்படியே சிலிர்த்துப் போச்சு எனக்கு. இத்தனை பேர் சிரிச்சாங்களே, மெமோ கொடுத்தாங்களே, ஒரு சின்னப் பொண்ணு வந்து இடம் தப்புன்னு சொல்லுச்சே! நான் எழுதின இடத்துல, நான் எழுதின கணக்குப்படி ஏழு வாசல் நிக்குது. என் ரீடிங் சரியாத்தான் இருந்திருக்கு. பேனாவை மூடிப் பையில வச்சுக்கிட்டேன்.

என்ன சொல்றாரு பியூன்? எண்பத்தேழா? அதுக்குள்ள வந்துருச்சே! இதோ வந்துட்டேங்க, எண்பத்தேழு நான்தான்.

எந்தப் பேப்பர்? அந்தப் பொண்ணு கொடுத்த வாக்குமூலமா? அது மேலதானே தம்பி உட்கார்ந்திருக்கீங்க. அட, பரவாயில்லை, எழுந்திருக்காதீங்க. பெஞ்சு ஈரம்.